வாவிக்கரையும் ஐபீரிய மொழிகளும்

சென்ற ஆண்டு ஒருநாள், பாடம் முடிந்து வகுப்புக் கலைந்த பின், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என் மேசையருகில் வந்து நின்றாள். அவளுடைய தந்தையார் மட்டக்களப்பு வாவியில் வலை வீசிப் பிழைப்பவர். ஸ்பானிய மொழித் திரைப்படங்கள் சிலவற்றை அவள் கைத்தொலைபேசியிற் பார்த்திருக்கிறாள். பாப்லோ நெரூடாவின் கவிதைகள் சிலவற்றைத் தமிழிற் படித்திருக்கிறாள். அந்த மொழியையும் இலக்கியத்தையும் பல்கலைக்கழகத்தில் முறையாகக் கற்கவேண்டும் என்பது அவளது ஆசை. "சேர், ஸ்பானிஷ் படிச்சா என்ன? எங்கட ஊருக்கும் அதுக்கும் என்ன தொடர்பு எண்டு வீட்டில கேக்காங்க" என்றாள்.

பெற்றோரின் கேள்வியை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. ஒருநாள் மீன் படாவிட்டால் மறுநாள் அடுப்பெரிவது ஐயமாகிவிடும் வீட்டில், ஆண்டுக்கணக்கிற் பொருள் செலவிட்டுக் கற்கும் கல்வி எதற்குப் பயன்படும் என்று கேட்பது அவர்களின் உரிமை. புது தில்லியிலுள்ள ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானியம், போர்த்துக்கேயம் ஆகிய மொழிகளுக்கென ஓர் உயர்கல்வி மையம் உண்டென்றும், மொழிபெயர்ப்பு, ஆசிரியத் தொழில், அயலுறவுப் பணி முதலிய துறைகளில் அக்கல்வி பயன்படுமென்றும் கூறி அவளை அனுப்பினேன். 'எங்கள் ஊருக்கும் அதற்கும் என்ன தொடர்பு' என்ற பகுதிக்கு மட்டும் அன்று என்னால் விடை கூற இயலவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்ற எனக்கு அவ்விடை தெரிந்திருக்கவேண்டும்.

சில வாரங்களின் பின், உடைந்த வாங்குகளைத் திருத்துவதற்கு ஓடாவியார் ஒருவர் எங்கள் பாடசாலைக்கு வந்தார். முதியவர், பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். அன்று நான் 'தமிழிற் பிறமொழிச் சொற்கள்' என்னும் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். அலுமாரி, கதிரை, மேசை, வாங்கு, சப்பாத்து, யன்னல், விறாந்தை, குசினி, துவாய், பாண் எனக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, இவை போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை என்று ஒப்புவித்தேன். யன்னலுக்கு வெளியே அந்த ஓடாவியார், தமக்குத் துணையாக வந்த மகனுடன் வேறொரு மொழியிற் பேசிக்கொண்டிருந்தார். மாணவர் சிலர் அதைக் கேட்டுச் சிரித்தனர். சிரிப்பை அடக்கிவிட்டுப் பாடத்தைத் தொடர முற்பட்டபோதுதான் எனக்கு உறைத்தது: கரும்பலகையில் நான் எழுதியிருந்த சொற்களின் தாய்வீட்டு மொழியொன்றே அவர் வாயில் வழங்கியது. நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்துபோன ஒன்றைப் போல நான் கற்பித்த மொழி, பத்தடி தூரத்தில் ஒரு மனிதரிடம் உயிரோடிருந்தது. சிறு வயது முதலே அவரை எனக்குத் தெரியும். அவருடைய மொழியில் ஒரு சொல்லின் பொருளையேனும் நான் கேட்டறிந்ததில்லை.

இக்கட்டுரை அந்த மாணவிக்கு நான் காலந்தாழ்த்திக் கூறும் விடை.

ஸ்பானிய மன்னனின் கோட்டை

புளியந்தீவில் வாவி நீரை நோக்கி நிற்கும் கோட்டையை ஒல்லாந்தர் கோட்டை என்றே நாம் கூறிப் பழகிவிட்டோம். அதனை முதலிற் கட்டியவர்கள் போர்த்துக்கேயர் என்பதையும், தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1628ஆம் ஆண்டில் அதனைக் கட்டுவித்தான் என்பதையும் பாடநூல்கள் சொல்கின்றன. ஆயின், 1628இற் போர்த்துக்கலின் மன்னன் யார் என்று நாம் கேட்பதில்லை. 1580ஆம் ஆண்டிற் போர்த்துக்கலின் முடி ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் வசமாயிற்று. அது முதல் 1640 டிசெம்பர் வரை, அறுபது ஆண்டுகள், இரு நாடுகளும் ஒரே முடியின்கீழ் இருந்தன. நிருவாகம் தனித்தனியாகவே நடைபெற்றது. இலங்கைக் காரியங்கள் கோவாவிலிருந்தும் லிஸ்பனிலிருந்துமே நடத்தப்பட்டன. எனினும், மட்டக்களப்புக் கோட்டையின் மதில்கள் எழுந்தபோது அவற்றின் மேல் உரிமை கொண்டாடிய மன்னன், மத்ரித் நகரில் வீற்றிருந்த நான்காம் பிலிப்பே ஆவான்.

ஒல்லாந்தர் நம் கரைக்கு வந்ததற்கும் காரணம் ஸ்பெயினே. ஸ்பானிய முடிக்கு எதிராக 1568 முதல் ஆயுதமேந்திப் போராடியவர்கள் அவர்கள். கீழைநாட்டு வாசனைப் பொருள்களை லிஸ்பன் துறையில் வாங்கி வட ஐரோப்பாவெங்கும் விற்று ஒல்லாந்த வணிகர் செழித்தனர். போர்த்துக்கலும் ஸ்பானிய முடியின்கீழ் வந்தபின் அவ்வணிகத்துக்குத் தடைகள் எழுந்தன. ஆகவே பொருள் விளையும் இடத்தையே நேராகத் தேடி அவர்கள் கப்பலேறினர். 1602 மே மாத இறுதியில் யோரிஸ் வன் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் மட்டக்களப்புக் கரையை அடைந்து, அங்கிருந்து கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டான். அடுத்த ஆண்டு வந்த செபால்ட் டி வேர்ட் என்பவன் மன்னனோடு முரண்பட்டுத் தன் ஆட்கள் பலருடன் மட்டக்களப்பிற் கொல்லப்பட்டான். ஸ்பில்பேர்கனின் கதை அத்துடன் முடியவில்லை. அவன் பின்னொரு பயணத்தில் தென்னமெரிக்காவைச் சுற்றிப் பசிபிக் கடலிற் புகுந்து, 1615 யூலையிற் பெரு நாட்டுக் கரையில் ஸ்பானியக் கப்பற்படையைத் தோற்கடித்தான். அதே ஆண்டில்தான் மத்ரிதில் செர்வாந்தேசின் 'தொன் கிஹோத்தே' நாவலின் இரண்டாம் பாகம் அச்சேறியது. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரமும், பெரு நாட்டின் கடற்கரையும், மத்ரிதின் அச்சுக்கூடமும் ஒரே பேரரசின் நிழலிற் கிடந்த காலம் அது. பெருவின் உள்நாட்டில், பொத்தோசி மலையில், பழங்குடி மக்கள் கட்டாய உழைப்பில் வெட்டியெடுத்த வெள்ளி நாணயமாகி ஆசியச் சந்தைகளில் உலாவியது. சுரங்கத்தில் மாண்டவர்களின் பெயர்கள் எந்த நாணயத்திலும் பொறிக்கப்படவில்லை.

1638 மே 18ஆம் நாள், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் கூடி மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். சில நாள்களில் இருவருக்குமிடையே ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. யாரை விரட்டுவதற்காக இவ்விருவரும் ஒன்றுசேர்ந்தார்களோ, அவர்களுடைய மொழியான போர்த்துக்கேயத்திலேயே அவ்வொப்பந்தம் எழுதப்பட்டது. இராசசிங்க மன்னன் அம்மொழியை நன்கறிந்தவன். ஒல்லாந்தருக்கு அவன் விடுத்த திருமுகங்களும் அம்மொழியிலேயே அமைந்தன. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவது பற்றிய விதியில், மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற பொருள்தரும் தொடர் கண்டியாரின் படியில் இருந்தது. ஒல்லாந்தர் படியில் அது இல்லை. அச்சிறு தொடரின் மேல் எழுந்த பிணக்கு, கரையோர மாகாணங்கள் யாருக்குரியன என்னும் பெரும் பிணக்காய் வளர்ந்தது. அயல்மொழி அறிவை வீண் அலங்காரம் என்று கருதுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கவேண்டும். நம் மண் யாருடையது என்ற வழக்கே ஓர் ஐபீரிய மொழியின் ஒரு வாக்கியத்திற் தங்கியிருந்தது.

பத்தாண்டு ஆட்சியும் நானூறு ஆண்டு மொழியும்

1628 முதல் 1638 வரை பத்தே ஆண்டுகள்தாம் போர்த்துக்கேயக் கொடி மட்டக்களப்பிற் பறந்தது. அதன்பின் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். ஒல்லாந்த மொழி நீதிமன்றத்தையும் ஆவணங்களையும் விட்டு இறங்கி மக்களிடம் வரவேயில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் அது மறைந்தொழிந்தது. பத்தாண்டு ஆட்சியின் மொழியோ நானூறு ஆண்டுகளை நெருங்கியும் வாவிக்கரையில் ஒலிக்கிறது. இதற்கு என்ன காரணம்?

ஆட்சியாளரின் வாளைக் கொண்டு இதனை விளக்கமுடியாது. அந்த வாள் 1658ஆம் ஆண்டிலேயே இலங்கையிலிருந்து அகற்றப்பட்டுவிட்டது. மொழியைக் காத்தவர்கள் சாமானியர்களே. போர்த்துக்கேயப் போர்வீரருக்கும் உள்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள், பல துறைமுகங்களிலிருந்து வந்து சேர்ந்த கைவினைஞர், ஆபிரிக்காவிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் விலைக்கு வாங்கப்பட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஆகிய இத்தகையோர் தம்முட் பேசிக்கொள்வதற்கு ஒரு பொதுமொழி வேண்டியிருந்தது. கப்பலிலும் கடைத்தெருவிலும் அடுக்களையிலும் எளிமையாக்கப்பட்ட போர்த்துக்கேயம் அப்பணியைச் செய்தது. ஒல்லாந்த அதிகாரிகளின் வீடுகளிற்கூட, மனைவியரும் வேலைக்காரரும் குழந்தைகளும் பேசியது இதனையே. ஒல்லாந்தத் திருச்சபையே இறுதியிற் பணிந்து, தமிழிலும் சிங்களத்திலும் போலப் போர்த்துக்கேயத்திலும் போதகம் செய்ய நேர்ந்தது. 1681இல் அச்சான முதற் போர்த்துக்கேயப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த ஜுவாங் பெரெய்ரா த அல்மெய்தா, இலங்கையிற் சில காலம் ஒல்லாந்தத் திருச்சபையின் போதகராகப் பணியாற்றியவர் என்பது இதற்குச் சான்று.

ஆங்கிலேயர் காலத்தில், பறங்கியர் சமூகத்துக்குள்ளேயே வகுப்புப் பிளவு கூர்மையடைந்தது. ஒல்லாந்த வழியினர் எனத் தம்மைக் கருதியோர் ஆங்கிலம் கற்று எழுதுவினைஞராகவும் வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் உயர்ந்தனர். தச்சுத் தொழில், கொல்லுத் தொழில், தையல், சப்பாத்துத் தைத்தல் முதலிய கைத்தொழில்களிற் பிழைத்தவர்கள் 'மெக்கானிக்' என்ற இழிவுப் பெயரால் ஒதுக்கப்பட்டனர். 1908இல் கொழும்பில் அமைக்கப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம், ஒல்லாந்தக் கும்பனியின் ஊழியத்திலிருந்த ஐரோப்பியரின் தந்தைவழியைக் காட்டக்கூடியோருக்கே கதவு திறந்தது. தந்தைவழியைக் காட்ட ஏடு இல்லாதவர்களிடந்தான் மொழி எஞ்சியது. மட்டக்களப்பில் அது தங்கியதற்கு முதன்மையான காரணம் இந்த வறுமையும் ஒதுக்கமுமேயாகும்.

நமது இலக்கணத்தில் அவர்களது சொற்கள்

இனி, தமிழ் பயின்றோர் தனிக் கவனம் செலுத்தவேண்டிய ஒன்றைக் கூறுகிறேன். மட்டக்களப்புப் பறங்கியர் மொழியின் சொற்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயம். அதன் வாக்கிய அமைப்போ பெரும்பாலும் நம்முடையது. போர்த்துக்கேயத்திலும் ஸ்பானியத்திலும் 'நான் உண்டேன் சோறு' என்ற வரிசையிற் சொற்கள் நிற்கும். பறங்கியர் மொழியில், தமிழிற் போலவே, வினை இறுதியில் வந்து நிற்கிறது. ஐபீரிய மொழிகளிற் பெயருக்கு முன்னே நிற்கும் இடைச்சொற்கள் இங்கே பெயருக்குப் பின்னே சென்று வேற்றுமை உருபுகளாகிவிட்டன. 'பொருட்டு' என்னும் பொருளுடைய 'பாரா' என்ற முன்னிடைச்சொல் தேய்ந்து, நம் 'கு' உருபைப் போலவும் 'ஐ' உருபைப் போலவும் பெயரின் இறுதியில் ஒட்டிக்கொண்டது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் நாம் 'நான்' என்னாது 'எனக்கு' என்கிறோம் அல்லவா? அந்த மொழியிலும் பசியும் விருப்பமும் இவ்வாறே நான்காம் வேற்றுமையில் உரைக்கப்படுகின்றன. வினையின் காலத்தைக் காட்டுவதற்கு, 'ஏற்கெனவே' என்ற பொருளுடைய 'ஜா' என்ற சொல் இறந்தகாலக் குறியாகவும், 'இருக்கிறது' என்ற பொருளுடைய சொல்லின் எச்சமாகிய 'தா' நிகழ்காலக் குறியாகவும் முன்னே வந்து சேர்ந்தன.

இம்மாற்றம் எந்த நூற்றாண்டில் நிகழ்ந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நெடுங்காலம் இரு மொழிகளையும் ஒரே வாயாற் பேசியோரின் ஆக்கம் அது என்பதில் ஐயமில்லை. வாவிக்கரையில் தமிழரும் பறங்கியரும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தனர் என்பதற்கு இதைவிடப் பெரிய சாசனம் வேண்டியதில்லை. நம் பேச்சில் அவர்களுடைய அலுமாரியும் கதிரையும் புகுந்தன. அவர்களுடைய பேச்சில் நம் இலக்கணமே புகுந்து குடியேறியது. தமிழ் இலக்கணத்தின் ஆற்றலை மாணவருக்கு விளக்கும்போது, தொல்காப்பியத்தையும் நன்னூலையும் காட்டுவதுடன், ஓர் ஐரோப்பிய மொழியையே தன் வழிக்குத் திருப்பிய இந்த வாவிக்கரை நிகழ்ச்சியையும் நாம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

ஏன் காட்டவில்லை? அதனைச் 'சிதைந்த மொழி' என்று எண்ணியதால்தான். 1811இல் கொழும்பில் வெளியான பெரெஞ்சரின் இலக்கண நூலே, தன் தலைப்பில் அதனைச் சிதைந்த போர்த்துக்கேயம் என்று குறித்தது. எசமானரின் அந்தச் சொல்லை நாமும் கேள்வியின்றி ஏற்றோம். கோவாவிற் பிறந்த செபஸ்தியாங் ரொதொல்ப்பு தல்காது என்னும் குருவானவரோ அதனை ஒரு மொழியாகவே மதித்து ஆராய்ந்து, 1900ஆம் ஆண்டில் லிஸ்பனில் தனி நூல் வெளியிட்டார். 1913இல் தமிழ் உட்பட ஏறத்தாழ ஐம்பது ஆசிய மொழிகளிற் கலந்துள்ள போர்த்துக்கேயச் சொற்களைத் தொகுத்தார். நாம் வகுப்பறைகளில் ஒப்புவிக்கும் பட்டியல்களிற் பல அவரது உழைப்பிற் பிறந்தவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹியூ நெவில் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய ஏடுகளிடையே மட்டக்களப்புப் பறங்கியரின் பாடல்களும் இருந்தன. அவை இன்று இலண்டனிற் பேணப்படுகின்றன. 1970களில் இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர் மட்டக்களப்பிற் தங்கி அம்மொழியை ஆராய்ந்தார். அதன் ஒலியமைப்புப் பற்றிய அவரது நூல் 1978இல் திருவனந்தபுரத்தில் வெளிவந்தது. அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஜாக்சன் பாடல்களை ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்தோசோவும் அவரோடு உழைத்தோரும் பேச்சையும் பாட்டையும் ஒலி, ஒளி வடிவில் பதிவுசெய்தனர்.

லிஸ்பனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அறிஞர் வந்தனர். பக்கத்து ஒழுங்கையிலிருந்து நாம் போகவில்லை. பறங்கியர் திருமண வீடுகளில் வயலின் இசைக்கப் 'கபிரிஞ்ஞா' ஆடுவர். நான்கடிக் கவிகளை ஒருவருக்கொருவர் மறுமொழியாக எடுத்தெறிந்து பாடுவர். காதலும் கேலியும் கலந்த அக்கவிகளுக்கும், நம் வயல்வெளிகளில் வழங்கும் மட்டக்களப்புக் கவிகளுக்கும் உள்ள உறவு யாது? இரண்டையும் அறிந்த ஒருவரே இதற்கு விடை கூற இயலும். அத்தகைய ஒருவரை நம் கல்வி உருவாக்கவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை டச்பார் பகுதியில் வாழ்ந்த பறங்கியர் பலரைக் கொண்டுபோயிற்று. அவர்களோடு போன பாடல்கள் எத்தனையென்று இனி எவரும் எண்ணமுடியாது.

மூன்று தமிழரும் ஒரு பேராசிரியரும்

ஐபீரியர் தமிழைக் கற்ற வரலாற்றை நாம் பெருமையோடு கூறிக்கொள்வோம். அண்டிரிக்கு அடிகளார் தமிழ் கற்று இலக்கணம் எழுதினார். அவரது 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சாயிற்று. அந்தாங் த புரோயென்சா தொகுத்த தமிழ் போர்த்துக்கேய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறியது. தமிழர் ஐபீரிய மொழியைக் கற்ற வரலாறு அதற்கும் முந்தியது என்பதை நாம் மறந்துவிட்டோம். 1554ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. உரோம எழுத்துகளில் தமிழும் அதனோடு போர்த்துக்கேய விளக்கமும் கொண்ட வினாவிடை நூல் அது. தமிழில் அச்சான முதல் நூல் என்ற பெருமை அதற்குண்டு. அதனை ஆக்கியோர் அங்கு சென்றிருந்த மூன்று தமிழர். வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா த குரூஸ் என்ற ஞானஸ்நானப் பெயர்களே நமக்குக் கிடைக்கின்றன. அவர்தம் தாய்மார் அவர்களை என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதை அந்நூல் சொல்லவில்லை.

அந்நூலை 1954இல் லிஸ்பனிற் கண்டு தமிழுலகுக்கு அறிவித்தவர் தனிநாயக அடிகளார். புரோயென்சாவின் அகராதியையும் வத்திக்கான் நூலகத்திலிருந்து வெளிக்கொணர்ந்து 1966இல் கோலாலம்பூரிற் பதிப்பித்தார். அவர் ஸ்பானியம், போர்த்துக்கேயம் முதலிய ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். தென்னமெரிக்க நாடுகளிற் பயணம் செய்தவர். அம்மொழிகளை அவர் அறியாதிருந்தால், அந்நூல்கள் இன்னும் எத்தனை காலம் அலுமாரிகளில் உறங்கியிருக்குமோ! வாவிக்கரையின் தென்பாலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளும், சேக்சுபியரின் நாடகங்களை ஆய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதிய பின்னரே 'யாழ் நூல்' என்னும் தமிழிசை ஆய்வை நமக்குத் தந்தார். அயல்மொழிப் புலமை தமிழுக்குப் பகையாகும் என்று அஞ்சுவோர் இவ்விருவரையும் நினைத்துக்கொள்ளட்டும்.

பெயரில்லாத ஒரு பெண்

ஸ்பானிய இலக்கியம் நம் தீவுக்கே வந்து தங்கிய காலமும் உண்டு. நெரூடா சிலி நாட்டின் தூதரகப் பிரதிநிதியாக 1929, 1930ஆம் ஆண்டுகளிற் கொழும்பு வெள்ளவத்தையில் வாழ்ந்தார். அவருடைய புகழ்பெற்ற தொகுதியொன்றின் கவிதைகள் சில இங்கே எழுதப்பட்டவை. பிற்காலத்தில் அவர் உழைக்கும் மக்களின் கவிஞரானார், பாசிசத்தை எதிர்த்தார், நாடிழந்து அலைந்தார். முற்போக்கு இலக்கிய அன்பர்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே கருதிவந்துள்ளனர். நானும் அவ்வாறே கருதினேன்.

1973இல் அவர் மறைந்த பின், 1974இல் அவரது நினைவுக் குறிப்பு நூல் வெளிவந்தது. வெள்ளவத்தை வீட்டில் அதிகாலையில் மலவாளியை எடுத்துச் செல்ல வந்த ஒரு பெண்ணைப் பற்றி அதில் அவர் எழுதுகிறார். அவள் தமிழ்ப்பெண் என்றும், ஒடுக்கப்பட்ட சாதியினள் என்றும் குறிப்பிடுகிறார். அவள் மறுமொழி பேசாது கற்சிலைபோலக் கிடக்க, ஒருநாள் அவளைத் தாம் வல்லுறவுக்கு உட்படுத்தியதையும் கூறுகிறார். அவள் தம்மை வெறுத்தது நியாயமே என்றும் எழுதுகிறார். அவளுடைய பெயரை எழுதவில்லை; அவர் அதைக் கேட்டறிந்ததாகவும் தெரியவில்லை.

இந்நூல் 1977இலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. ஆயினும் நம்மிற் பலர் அந்தப் பக்கத்தைக் கடந்து சென்றோம். அல்லது கவிஞனின் பலவீனம் என்று மென்மையாகக் கூறி மூடினோம். சிலி நாட்டுப் பெண்கள் அவ்வாறு மூடவில்லை. தலைநகரின் விமான நிலையத்துக்கு நெரூடாவின் பெயரைச் சூட்டும் முயற்சி 2018இல் எழுந்தபோது, முகமறியாத ஒரு தமிழ்ப்பெண்ணுக்காக அவர்கள் கடல் கடந்து குரல் கொடுத்தனர். இலங்கையில், சிங்களத் திரைப்பட இயக்குநர் அசோக ஹந்தகம அந்நிகழ்ச்சியை 'அல்பொராதா' என்ற ஸ்பானியத் தலைப்பில் 2021இற் திரைப்படமாக்கினார். ஸ்பானியம் பேசும் பெண்கள் பேசினார்கள். சிங்களக் கலைஞர் பேசினார். அவள் பேசிய மொழிக்குரிய நாமோ பேசத் தயங்கினோம். அவள் சுமந்த வாளியை எந்தச் சாதியின் தலையில் ஏற்றினோம் என்ற கேள்வி நம்மையும் சுடும் என்ற அச்சமே அத்தயக்கத்தின் வேர் என்று நான் எண்ணுகிறேன்.

இதனாலேயே, நெரூடாவைப் படிக்கவேண்டாம் என்று என் மாணவிக்கு நான் சொல்லமாட்டேன். அவரது சொந்த மொழியிலேயே, முழுவதையும் படி என்பேன். ஸ்பானிய இலக்கியம் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்திருக்கிறது. யாரை வியப்பது, எதைக் கடந்து செல்வது என்பதும் அவ்வழியே வந்திருக்கிறது. 1936இற் சுட்டுக்கொல்லப்பட்ட லோர்காவையும், பொத்தோசிச் சுரங்க மக்களின் வழித்தோன்றல்களின் எழுத்தையும், மலவாளி சுமந்தவளின் மகள்களாக நின்று படிப்பதற்கு நமக்கென ஒரு வாசகர் கூட்டம் வேண்டும்.

மாணவிக்கு விடை

ஆகவே அவளுக்கு நான் கூறுவது இது. ஸ்பானியம் கற்பதற்கு நீ வெறுங்கையோடு போகவில்லை. முதல் நாள் வகுப்பிலேயே 'மேசா' என்று ஆசிரியர் எழுதுவார். அது உன் வீட்டு மேசை. 'சபாத்தோ' என்பார், அது நம் சப்பாத்து. பான், பாங்கோ, அர்மாரியோ, கொசீனா என்று தொடர்வார். பாணும் வாங்கும் அலுமாரியும் குசினியும் போர்த்துக்கேய வழியில் நம்மை வந்தடைந்த அவற்றின் உடன்பிறப்புகள். உன் குழம்பிலிடும் மிளகாயும், வளவில் நிற்கும் பப்பாசியும் கொய்யாவும் ஐபீரியரின் கப்பல்களுக்குப் பின் அமெரிக்காவிலிருந்து உலகைச் சுற்றி வந்தவை. உன் ஊருக்கும் அந்த மொழிக்கும் என்ன தொடர்பு என்று வீட்டில் மீண்டும் கேட்டால், அடுக்களையிலிருந்தே நீ விடை சொல்லத் தொடங்கலாம்.

நம் கல்வியாளருக்கும் ஒன்று கூறவேண்டும். 1981இற் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமாகிய கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில், இந்த வாவியிலிருந்து தொலைவிலன்றி நிற்கிறது. ஐபீரிய மொழிகளையும் பறங்கியர் மொழியையும் இணைத்துக் கற்பிப்பதற்கு இதனினும் பொருத்தமான இடம் உலகில் அரிது. அங்கே பாடம் சொல்ல அழைக்கப்படுவோருள், பட்டம் பெறாத ஓடாவியாரும் தையற்காரப் பெண்மணியும் இருக்கவேண்டும். தகவல் தருவோர் என்று அடிக்குறிப்பில் ஒதுக்கப்படாமல், ஆசிரியர் என்ற பெயரோடும் உரிய ஊதியத்தோடும் இருக்கவேண்டும். பறங்கியர் வீடுகளில் இளையோர் பெரும்பாலும் தமிழே பேசுகின்றனர்; மூத்தோர் மறைந்தபின் தேடிப் பயனில்லை.

பல்கலைக்கழகம் தொடங்கும் வரை பாடசாலை காத்திருக்கவேண்டியதில்லை. வாங்குகள் திருத்தி முடிந்த பின், அந்த ஓடாவியாரை வகுப்புக்கு அழைத்தேன். கைகளைத் துடைத்துக்கொண்டு தயக்கத்தோடு வந்தார். கரும்பலகையில் நான் எழுதிய சொற்களை ஒவ்வொன்றாகத் தம் மொழியில் உச்சரித்தார். எட்டுச் சொற்கள் வரை மாணவர் எழுதிக்கொண்டனர். அதன்பின் அவர் தம் தாயார் பாடிய கவியொன்றைப் பாடினார். முன்பு சிரித்தவர்கள் அன்று சிரிக்கவில்லை. பாடி முடித்ததும், "இதையெல்லாம் எங்களிட்ட ஆரும் கேக்கிறல்ல, மாஸ்டர்" என்றார்.

அந்தக் குற்றச்சாட்டுக்கு நான் என்ன மறுமொழி கூறமுடியும்? அம்மாணவி இப்போது சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குக் குறிப்பேட்டுடன் சென்று வருகிறாள்.